உட்காருகிறவருக்கா, ஓடுகிறவருக்கா?

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிற எதிரணித் தலைவர் அவர்களே! என் அணி நண்பர்களே! செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் கொசுக்கடியையும் பாராமல் கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருக்கிற மாணவச் செல்வங்களே!

கல்லூரிக் கால்பந்து வளர முதலில் வேண்டியது புதிய வசதிகளா, வீரர்களின் வேட்கையா என்பது தலைப்பு. வசதிகளே என்று பேச வந்திருக்கிறேன். கிளம்பும்போது வீட்டில் சொன்னேன். "ஏங்க, வசதி வேணும் வசதி வேணும்னு முப்பது வருஷமா நான் கேட்டப்பல்லாம், மனசுதான் முக்கியம்னு சொன்னீங்களே!" என்றார்கள் என் மனைவி. நடுவர் அவர்களே, அது வேறு பட்டிமன்றம். அதற்கு நடுவரும் அவங்கதான். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கெட்டிக்காரர். செஞ்சியில் நின்றுகொண்டு ராஜா தேசிங்கு பெயரைச் சொன்னால் கைதட்டல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். "சில நூறு குதிரை வீரர்களை வைத்துக்கொண்டு ஆற்காட்டு நவாபின் பெரும்படையை எதிர்த்தானே தேசிங்கு, அவனுக்கு என்ன வசதி இருந்தது? வேட்கைதானே இருந்தது!" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் தட்டினீர்கள். நானும் தட்டினேன். தேசிங்குக்குத் தட்டாத கை தமிழன் கையா?

ஆனால் ஐயா, கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே! 1714-இல் தேசிங்கு கோட்டையை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் மோதினான். இருபது சொச்சம் வயதுப் பிள்ளை. களத்திலேயே விழுந்தான். செஞ்சியும் போயிற்று. முந்நூறு வருஷமாக அவனைப் பாடுகிறோம், அழுகிறோம். அழுவதற்கான கதையை ஜெயிப்பதற்கான பாடமாகச் சொல்லலாமா?

அதே செஞ்சி. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால் சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கேதான் இருந்தார். முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருஷம்! ஔரங்கசீப்பின் படை எட்டு வருஷம் வெளியே நின்றது. ராஜகிரியின் உயரம் 800 அடி. மூன்று மலைகளையும் வளைத்துப் போட்ட மதில். மலையில் தண்ணீர். கீழே குளங்கள், களஞ்சியம். உள்ளே இருந்தவனுக்கு வீரம் இல்லையா? இருந்தது. அந்த வீரத்துக்குச் சோறும் தண்ணியும் கொடுத்தது யார்? அவனுக்கு முன்னால் கட்டிவைத்துவிட்டுப் போனவர்கள். "கடைசியில் ராஜாராம் தப்பித்தானே போனார்" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். எட்டு வருஷம் தாக்குப்பிடித்த பிறகு போனார், ஐயா. நீங்கள் எட்டு நிமிஷத்தில் மணி அடிக்கப் பார்க்கிறீர்கள்! (கைதட்டல்)

தமிழாசிரியன் வள்ளுவரைத் தொடாமல் இறங்கினால் சம்பளம் பிடித்துவிடுவார்கள். குறளில் 75-ஆவது அதிகாரம் 'அரண்'. கோட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று அடுக்குகிறபோது தெளிந்த நீரைத்தான் முதலில் வைக்கிறார். இன்னோர் இடத்தில், பகைவன் பிடிக்க அரிதாக இருக்க வேண்டும், உணவு இருக்க வேண்டும், உள்ளே இருப்பவர் நிலைத்து நிற்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்கிறார். உள்ளே இருப்பவருக்கு எளிதாக! அந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில், செயல்திறம் இல்லாதவனுக்கு எந்தக் கோட்டையும் பயன்படாது என்றும் சொல்கிறாரே என்று எதிரணி கேட்கும். சொல்கிறார். பத்தாவதாகச் சொல்கிறார். ஒன்பது குறளில் கோட்டையைக் கட்டி முடித்துவிட்டுச் சொல்கிறார்!

அடுத்து வெறுங்கால் கதை. "1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்கள் பலர் பூட்ஸ் இல்லாமலே ஆடினார்கள், உலகமே வியந்தது" என்றார் நம் சகோதரி. வியந்தது உண்மை. பிரான்சிடம் 2-1 என்று தோற்றதும் உண்மை. அதையும் பெருமையாகவே வைத்துக்கொள்வோம். நாலு வருஷம் கழித்து, 1952-இல் ஹெல்சிங்கி. குளிர். அங்கேயும் பலர் வெறுங்கால். யூகோஸ்லாவியாவிடம் 10-1! வேட்கை குறைந்துபோயிற்றா? கால் விறைத்துப்போயிற்று, அம்மா! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். பூட்ஸ் போட்ட கால் 1956 மெல்போர்னில் நாலாவது இடத்துக்கு வந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என்று வென்று ஆசியத் தங்கம் வாங்கியது. நடுவில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தாரே சைமன் சுந்தரராஜ், நம்ம தஞ்சாவூர்க்காரர், ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான்.

அந்த 1962 அணியில் பீட்டர் தங்கராஜ் கோல்கீப்பர். பெயரைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் ஒருநாள் கேட்டேன். "என்னங்க, நம்ம கோல்கீப்பர் பந்து வந்தா பாயவே மாட்டேங்கிறான், பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரி நிக்கிறான்?" அவர் என்னை மைதானத்துக்கு அழைத்துப்போய்க் கோல்போஸ்ட் பக்கத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார். சரளைக்கல். "சார், நீங்க ஒரு தடவை பாய்ஞ்சு காட்டுங்க, அப்புறம் அவன் பாய்வான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். புல் இல்லாத தரையில் பயிற்சி எடுக்கிற பையன் பாயப் பழகுவதில்லை, எப்படித் தப்பிப்பது என்றுதான் பழகுகிறான். முழங்கை கற்றுக்கொண்டதை மனசு மாற்ற முடியாது. நாம் என்ன சொல்கிறோம்? பையனுக்கு வேட்கை இல்லை!

எவ்வளவு இடம் வேண்டும்? 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நம் ஊர்க் கணக்கில் ஒரு ஏக்கர் 76 சென்ட். ஓரம் விட்டுப் பார்த்தால் இரண்டரை ஏக்கருக்குள். நடுவில் கொஞ்சம் மேடாக, மழைத்தண்ணி இரண்டு பக்கமும் வடிகிற மாதிரி. புல். அந்தப் புல்லுக்குத் தண்ணி. பையன்களுக்கு ஓர் அறை, பெண்பிள்ளைகளுக்கு ஓர் அறை, கதவில் தாழ்ப்பாள், உள்ளே குழாய். இவ்வளவுதான் நான் கேட்கிறேன்.

"செஞ்சியில் எதையும் கட்ட முடியாது, தொல்லியல் துறை விடாது" என்று பயமுறுத்தினார் கடைசியாகப் பேசிய தம்பி. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். அது நம் செஞ்சி. பெருமை! பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். நல்ல சட்டம். கல்யாண மகாலுக்குப் பக்கத்திலா தம்பி நான் கோல்போஸ்ட் நடச் சொன்னேன்? 300 மீட்டர் தள்ளி உலகமே இல்லையா? அது மட்டுமல்ல. அந்தக் கோட்டைக்குள்ளே போய்ப் பாருங்கள். களஞ்சியம் இருக்கிறது, ஆனைக்குளம் இருக்கிறது, உடற்பயிற்சிக் கூடம் என்று ஒரு கட்டடமும் இருக்கிறது. அந்தக் காலத்து ராஜா, போர்வீரனுக்கு உடம்பை வளர்க்க ஓர் இடம் வேண்டும் என்று கோட்டைக்குள்ளேயே ஒதுக்கியிருக்கிறான். கல்யாண மகாலுக்கு மண்குழாயில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான். நம் கல்லூரிகளில் எத்தனை மைதானத்துக்குக் குழாய் இருக்கிறது? (கைதட்டல்)

எதிரணியின் வாதங்களில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "லட்சக்கணக்கில் கொட்டி கேலரி கட்டினார்கள், ஒரு வீரனும் வரவில்லை" என்றார்கள். நிஜம். ஏன் வரவில்லை? உட்காருகிறவருக்குக் கட்டினீர்கள், ஓடுகிறவருக்குக் கட்டவில்லை. சிறப்பு விருந்தினர் தலையில் வெயில் படாமல் பந்தல், அவர் பெயரில் ஒரு கல். கல்வெட்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டைக்குப் போகவே வேண்டாம், எங்கள் மாதிரிக் கல்லூரிகளுக்கு வந்தால் போதும், வாசலிலேயே ஏழெட்டுக் கிடைக்கும். தரமதிப்பீட்டுக்கு நாக் குழு நேரில் வந்துகொண்டிருந்த காலத்தில் முந்தின நாள் ராத்திரி மைதானத்துக்குச் சுண்ணாம்புக்கோடு விழுந்தது. குழு போனதும் மறுநாள் மாடு வந்தது.

வள்ளுவர் சொல் ஞாபகமிருக்கிறதா? உள்ளே இருப்பவருக்கு எளிதாக!

பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரைத் தோற்கடித்துத் தேசியப் பட்டம் வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் வாங்கியது. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் யாரு? பக்கத்துக் கடலூர் மாவட்டத்துப் பொண்ணு, காவல்துறையில் உதவி ஆய்வாளர். "பார்த்தீர்களா, வசதி இல்லாமலே வந்துவிட்டார்கள்" என்பீர்கள். ஆற்றை நீந்திக் கடந்த ஒருத்தியைக் காட்டி, பாலம் எதற்கு என்று கேட்பீர்களா? நடுவில் திரும்பிப் போனவர்களை யார் எண்ணினார்கள்?

ஒருத்தியை நான் எண்ணினேன். பதினேழு பதினெட்டு வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்த கல்லூரியில் தமிழ்த்துறை அறை மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும். சாயங்காலம் பெண்கள் அணியில் ஒரு பொண்ணு வந்து நிற்பாள். "ஐயா, ரூம் சாவி குடுப்பீங்களா? டிரெஸ் மாத்தணும்." கொடுத்துவிட்டு நாங்கள் தொல்காப்பியத்தோடு வராந்தாவில் நிற்போம். மானாவாரி நிலத்துக்காரர் மகள். இடப்பக்கம் ஓட ஆரம்பித்தாள் என்றால் பிடிக்க ஆள் கிடையாது. ஒருநாள் பயிற்சியில் மயங்கி விழுந்தாள். பிறகு ஒரு வாரம் வரவில்லை, ஒரு மாதம் வரவில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு நானே சொன்னேன்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் பத்தாது சார்." இன்றைக்கு எதிரணி பேசுகிற அதே வசனம்.

ஆண்டு விழாவுக்கு வந்த என் மனைவியிடம்தான் அவள் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். மைதானத்தில் பாத்ரூம் இல்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி திரும்புகிற வரை தண்ணீரே குடிக்க மாட்டாளாம். குடித்தால் எங்கே போவது? நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி. அப்பா, "ஆட்டம் போதும்மா" என்று சொல்லிவிட்டார். எங்கள் துறையில் சாவி கொடுத்தோம். மற்றது என்ன ஆகும் என்று கேட்கிற புத்தி, முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு வரவில்லை.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். இதோ முடித்துவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், முழங்காலில் சிராய்ப்பு. "இவளும் ஆடுறாளா?" என்றேன். "ஆமாங்கய்யா, எங்க காலேஜ்லயே சேர்க்கலாம்னு இருக்கேன். இப்ப ரூமெல்லாம் கட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"சாவி இன்னும் தமிழ்த்துறையிலதாம்மா இருக்கு" என்றேன்.