புளியமரத்தடியில் கிடந்த சைக்கிள்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தமிழ்நாட்டிலேயே சுயஉதவிக் குழு முதலில் ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல். அன்றையிலிருந்து சேமிப்பு, கடன், தீர்மானம்னு பேசிக்கிட்டே இருக்கோம். நான் இன்னைக்கு ஒரு பழைய சைக்கிளைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கிறாங்க இல்லையா? 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005-06-ல் மற்ற மேல்நிலைப் பிள்ளைகளுக்கும் வந்தது. பிளஸ் டூ முடிஞ்சதும் அந்த சைக்கிள் கொல்லைக்குப் போயிடும். பிறகு ஒரு நாள் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போவார். என் பெரிய பெண்ணோட சைக்கிளும் அப்படித்தான் புளியமரத்தடியில் கிடந்தது.

சின்னவள் ஒன்பதாவது படிக்கும்போது சாயங்காலம் பஸ் நேரம் மாறிப் போச்சு. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு மூணு கிலோமீட்டர், இருட்டில் நடக்கணும். "படிச்சது போதும்"னு வீட்டில் பேச்சு எழுந்தது. சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனேன். "எடைக்குப் போட்டுருங்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க. அதே பழைய இரும்புக் குவியலில் ஃபிரேம் முறிஞ்ச இன்னொரு சைக்கிள் கிடந்தது. அதுக்கும் 26 அங்குல சக்கரம், ரிம் நல்லா இருந்தது. எடை விலைக்கு வாங்கி வந்து, ரெண்டையும் வாசலில் போட்டுப் பிரிச்சேன்.

செயினை ரெண்டு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். வலது பெடல் சுலபமா கழண்டது. இடது பெடல் அசையவே இல்லை. ஸ்பேனர் மேல் ஏறி நின்னும் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் சொன்னார்: "இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் தாயி, நீ கழட்டல, முறுக்கிக்கிட்டு இருக்கே." அரை நாள் வீணாப் போச்சு. உங்களுக்கு அந்த அரை நாள் மிச்சம்.

பின்சக்கர அச்சைப் பிரிச்சா பக்கத்துக்கு ஒன்பது குண்டு. துணி விரிச்சு அதுமேல பிரிங்க, இல்லேன்னா கோழி பொறுக்கிடும். குண்டு தேய்ஞ்சிருந்தா அந்தப் பக்கம் முழுக்க மாத்தணும். பழசும் புதுசும் கலந்தா புதுசு மேலேயே பாரம் விழும். கோனை ரொம்ப முறுக்கினா சக்கரம் சுத்தாது, தளர்வா விட்டா ஆடும். நாலு தடவை மாத்தி மாத்திப் பார்த்த பிறகுதான் கைக்குப் பிடிபட்டது.

எல்லாத்துக்கும் பழசு ஆகாது. பிரேக் கட்டையும் டியூபும் புதுசா வாங்கினேன். ஃபோர்க்கில் விரிசல் இருந்தா பற்றவைச்சு ஓட்டாதீங்க. பிள்ளை ஏறுற வண்டி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா அங்கே கலெக்டரா இருந்தாங்க. கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. நிறைய பேர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினாங்களாம், பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே. அதைப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. ஓட்டத் தெரிஞ்சும், செயின் கழண்டா ஒரு ஆம்பளை வர்ற வரைக்கும் ரோட்டோரம் நிக்கிறவங்கதானே நம்மில் பாதிப் பேர்?

அந்த வண்டியில்தான் சின்னவள் பிளஸ் டூ வரைக்கும் போனாள். ரெண்டு தடவை பஞ்சர் ஆச்சு. முதல் தடவை நான் ஒட்டினேன். ரெண்டாவது தடவை அவளே வாளித் தண்ணியில் டியூபை முக்கி, குமிழி வர்ற இடத்தைக் கண்டுபிடிச்சு, உப்புத்தாள் தேய்ச்சு ஒட்டிட்டு, எனக்கு அப்புறம்தான் சொன்னாள்.

முறிஞ்ச ஃபிரேம் இன்னும் எங்க வாசலில்தான் இருக்கு, அவரைக்கொடி ஏறியிருக்கு. மிச்சப் பாகமெல்லாம் ஒரு சாக்கில் கட்டி வச்சிருக்கேன். யாருக்காவது பெடலோ கேரியரோ வேணும்னா வந்து பாருங்க. ஸ்பேனரும் என்கிட்ட இருக்கு.