குன்றிமணியின் மூக்கு: ஒரு காட்டுக்கொடியும் அது காத்த சொற்களும்



இன்றைய உரையை நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் கூடாவொழுக்கம் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அவ்வதிகாரத்தின் 277ஆம் குறளில் வள்ளுவர், வெளித்தோற்றத்தில் குன்றிமணிபோல் செம்மையாய் இருந்தும் உள்ளத்தில் அதன் மூக்கைப்போல் கறுத்திருப்போரைக் காட்டுகிறார். மாணவர்க்கு விளங்கட்டும் என்று திடலோரத்து மரத்தடியில் சில சிவப்பு விதைகளைப் பொறுக்கி வந்து மேசைமேல் வைத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி விதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதில் மூக்கு எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள்.

மூக்கு இல்லை. ஏனெனில் அது குன்றிமணியே இல்லை. நான் கொண்டுவந்தது மரத்தில் காய்க்கும் மஞ்சாடி விதை. மலாய்மொழியில் அதைச் சாகா என்பர். முழுவதும் சிவப்பாக, சற்றுத் தட்டையாக, பளபளவென்று இருக்கும். குன்றிமணியோ கொடியில் காய்ப்பது. முட்டை வடிவில் சிறுத்து, சிவந்த உடலின் ஒரு முனையில் மட்டும் கருநிறம் கொண்டிருக்கும். அந்தக் கருமுனையைத்தான் வள்ளுவர் மூக்கு என்றார். பொருளைத் தவறாகக் காட்டினேன். உவமை அங்கேயே பொய்த்துப் போயிற்று.

குன்றி ஒரு காட்டுக்கொடி. தாவரவியலார் அதை ஆப்ரஸ் பிரிகாடோரியஸ் என்பர். அவரை, பயறு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. புளியிலைபோல் சிறிய இலையடுக்குகளைக் கொண்டு வேலிகளிலும் புதர்களிலும் சுற்றிப் படரும். அதன் நெற்று முற்றி வெடித்தபின்னும் விதைகள் உடனே உதிர்வதில்லை. நெற்றின் ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கும். விதை நெற்றோடு ஒட்டும் இடத்தில்தான் கறுப்பு அமைந்திருக்கிறது. ஆகவே கொடியைப் பார்ப்பவர் கண்ணுக்குச் செம்மை முன்னே தோன்றும். கருமை உட்பக்கமாய் ஒதுங்கி நிற்கும். புறம், அகம் என்று வள்ளுவர் பகுத்தது வெறும் சொல்லழகுக்காக அன்று, கொடியை நேரில் கண்ட கண்ணின் பதிவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இக்கொடியை நம் முன்னோர் எவ்வாறெல்லாம் பயன்படுத்தினர் என்பதைப் பார்ப்போம். முதற்பயன் நிறுத்தல். குன்றிமணியின் தோல் மிகக் கடினமானது. நீரை எளிதில் உள்ளே விடாது. அதனால் உலர்ந்த விதையின் எடை மழைக்காலம், வெயிற்காலம் என்று பெரிதும் மாறுவதில்லை. ஒத்த விதைகளைத் தேர்ந்தெடுத்துப் பொற்கொல்லர் தராசில் இட்டனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் பிறரும் அளித்த பொன்னும் அணிகலன்களும் இந்த அளவுகளிலேயே கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பேரரசு தன் கொடையை ஒரு குன்றிகூடப் பிசகாமல் கணக்கெழுதியது. வடஇந்தியாவில் ரத்தி என்று வழங்கும் அளவும் இவ்விதையிலிருந்து பிறந்ததே. இன்றும் நம் இல்லங்களில், “ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை” என்று சொல்லும் பாட்டியார், அறிந்தோ அறியாமலோ அந்தப் பழைய தராசைத்தான் நினைவூட்டுகிறார்.

இதற்கு இணையான மரபு மலாய் மக்களிடமும் உண்டு. அவர்களின் பழைய பொன்னளவையில் பன்னிரண்டு சாகா ஒரு மாயாம். பதினாறு மாயாம் ஒரு புங்கால். அச்சே பகுதியில் திருமணத்தின்போது மணமகன் அளிக்கும் பொன்னை இன்றும் மாயாம் கணக்கிலேயே சொல்கின்றனர். அந்தச் சாகாவின் எடை ஏறத்தாழ 0.28 கிராம். நம் மஞ்சாடியும் கிட்டத்தட்ட அதே எடைதான். யார் யாரிடம் கற்றனர் என்ற வழக்கிற்குள் நான் போகவில்லை. கடலின் இரு கரைகளிலும் பொன்னை நிறுத்தவர் கைகள் ஒரே சிவப்பு விதையைத் தேடின என்பதே நாம் மகிழ்ந்து போற்றத்தக்க செய்தி. தமிழ்ச் சிறுமியர் பல்லாங்குழியில் குன்றிமணியை இட்டு ஆடியதும், மலாய்ச் சிறுமியர் சோங்காக் பலகையில் சாகா விதையை இட்டு ஆடியதும் அவ்வாறே.

இரண்டாம் பயன் அணியும் வழிபாடும். காடுகளில் வாழ்ந்தோர் குன்றிமணியைக் கோத்து மாலையாக அணிந்தனர். பிள்ளையார் சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்பது இவ்விதையையே. குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தில் பெருந்தேவனார், முருகன் உடுத்த ஆடையின் செம்மைக்குக் குன்றியையே உவமையாக்கினார். பொற்கொல்லர் விதையை அரைத்த பசையைக் கொண்டு நுண்ணிய பொன்மணிகளை ஒட்டவைத்துப் பின்னர்ப் பற்றவைத்தனர்.

மூன்றாம் பயன் மருந்து. குன்றியின் இலையும் வேரும் இனிப்பானவை. அதிமதுரத்தில் உள்ள இனிப்புப்பொருளே இதிலும் இருப்பதால், அதிமதுரம் கிடைக்காத இடங்களில் குன்றிவேரை மாற்றாகக் கொண்டனர். ஜாவாவில் வாய்ப்புண்ணுக்கு இதன் இலையை நாடுவது நெடுநாள் வழக்கம்.

ஆனால் மாணவச் செல்வங்களே, இங்கே நீங்கள் சற்று நின்று கேட்க வேண்டும். இலை இனிக்கும் அதே கொடியின் விதை கொடிய நஞ்சு. அதிலுள்ள ஆப்ரின் என்னும் பொருள், உடலின் உயிரணுக்கள் புரதம் ஆக்குவதையே தடுத்துவிடும். ஆமணக்கு விதையில் உள்ள ரைசினுக்கு உறவான இந்நஞ்சு, அதனினும் கடுமையானது. கடினமான தோல் உடையாதவரை நஞ்சு பெரும்பாலும் உள்ளேயே அடைபட்டிருக்கும். மென்றாலோ, ஊசியால் துளையிட்டாலோ வெளிப்படும். 2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இவ்விதை கோத்த கைவளையல்கள் விற்கப்பட்டு, நஞ்சு என்று அறிந்தபின் அவசரமாகத் திரும்பப் பெறப்பட்டன. சித்த மருத்துவர் இவ்விதையைத் தக்க முறையில் சுத்தி செய்யாமல் கையாள்வதில்லை. அது கற்றுத் தேர்ந்தவர் தொழில். நாம் வீட்டில் செய்து பார்க்கத்தக்கது அன்று.

இப்போது என் பிழைக்கு மீள்கிறேன். மலாய்மொழியில் மரத்திற்கும் கொடிக்கும் சாகா என்பது பொதுப்பெயர். எனினும் அம்மக்கள் கொடியை ஆக்கார் சாகா என்று அடைகொடுத்துப் பிரித்தறிந்தனர். நம் மொழியோ கொடிக்குக் குன்றி என்றும், மரத்திற்கு மஞ்சாடி என்றும் தனித்தனிப் பெயர் இட்டது; மரத்தின் விதை பெரிதாக இருப்பதால் அதனை ஆனைக்குன்றிமணி என்றும் வழங்கியது. இப்பெயர்களைச் சரியாக அறிந்த பிள்ளை இரண்டு விதைகளையும் சரியாகப் பிரித்தறியும். பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பிய தலைமுறையோ, நஞ்சையும் விளையாட்டுப் பொருளையும் ஒன்றென்று கொள்ளும். அன்று நான் மஞ்சாடியைக் குன்றி என்று காட்டினேன். என் மாணவருள் ஒருவர் பின்னாளில் வேலியோரத்தில் உண்மைக் குன்றியைக் கண்டு, “எங்கள் ஐயா வகுப்பில் காட்டிய விதைதானே” என்று வாயில் இட்டிருந்தால்? அந்த எண்ணம் இன்றும் என்னை விட்டகலவில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுவே. உரைநூல் தரும் பொருளை மட்டும் சொல்லி ஒரு செய்யுளைக் கடந்துவிடாதீர்கள். அதில் வரும் செடி, பறவை, கருவி ஆகியவற்றை முதலில் நாம் ஐயமறத் தெரிந்துகொள்வோம். குன்றியைப் படத்தில் காட்டுங்கள். விதையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டா. மஞ்சாடியின் படத்தை அதன் அருகில் வைத்து, வேறுபாட்டை மாணவரையே சொல்லச் செய்யுங்கள். மாணவர்களே, நீங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் குண்டுமணி என்றால் என்னவென்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.

மலைபோல் உயர்ந்தவரும் குன்றியளவு தாழ்வானதைச் செய்தால் தாழ்ந்துவிடுவர் என்று மானம் அதிகாரத்தில் வள்ளுவர் மீண்டும் இவ்விதையை எடுத்தாளுகிறார். எடையில் அற்பமான ஒன்றை அவர் அளவுகோலாகக் கொண்டதன் காரணம், பொற்கொல்லரின் தராசை அறிந்த நமக்கு இப்போது விளங்கும். சொல்லைக் கையாளும் நம் தொழிலிலும் ஒரு குன்றியளவுப் பிழை சிறியது அன்று. அதை எனக்குக் கற்பித்தவள், மூக்கு எங்கே என்று கேட்ட அந்த மாணவிதான். அவளுக்கு இந்த அவையில் நன்றி கூறி அமைகிறேன்.