காற்றுக்கு விலை பேசியவர் யார்?

(நோர்வூட் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்து வாழும் நமக்கு மன்னார்க் காற்றைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவலாம். நம் மலைநீர் மின்சாரமாகி நாடெங்கும் செல்கிறது. மன்னார்க் காற்றும் அவ்வாறே நம் வீட்டு விளக்குக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கும் வந்து சேரவேண்டியது. கட்டணம் செலுத்துபவர் நாம். விலை எங்ஙனம் முடிவாகிறது என்று கேட்பது நம் உரிமை.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனம் முன்வந்தது. பகிரங்க விலைமனு கோரப்படவில்லை. 2022 ஜூன் 9-ஆம் நாள், போட்டி விலைமனு வேண்டும் என்ற விதியைப் பாராளுமன்றம் மின்சாரச் சட்டத்திலிருந்து அகற்றியது. மறுநாளே மின்சார சபைத் தலைவர் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். திட்டத்தை அந்நிறுவனத்துக்கே வழங்குமாறு இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தம்மிடம் கூறினார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவரும் தம் கூற்றை மீட்டுக்கொண்டு பதவி விலகினார்.

எது மெய் என்று தீர்ப்புரைக்க நாம் நீதிபதிகள் அல்லோம். ஆயினும், விலைமனு பகிரங்கமாகக் கோரப்பட்டிருந்தால் இந்த ஐயத்துக்கே இடமிராது.

2024 மே மாதம் அமைச்சரவை, அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் வீதம் 20 ஆண்டுகளுக்கு வாங்க இசைந்தது. வலசைப் பறவைகளின் வழி கெடும் என்று சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் சென்றன. அடுத்து வந்த அரசாங்கம் விலையைக் குறைக்க முற்பட்டது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிற்று. காற்றாலையும் வரவில்லை, காலமும் போயிற்று.

இந்த இழப்பு நமக்குச் சிறிதன்று. மழை பொய்த்தால் கொழுந்து குறைகிறது. மிகுந்தால் மண் சரிகிறது. 2014-இல் மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை மறந்தோமா? தூய மின்சாரம் பிறரினும் நமக்கே அவசரத் தேவை.

உலக அரங்கிலும் இதே நிலைதான். 2023-இல் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அபுதாபி எண்ணெய் நிறுவனத்தின் தலைவரே!

ஆகவே நாம் கோருவன மூன்று: போட்டி விலைமனு இன்றி எந்த மின் திட்டமும் வழங்கலாகாது; அமைச்சர்களைச் சந்திக்கும் நிறுவனத்தார் பெயர்கள் பதிவேட்டில் வெளியாக வேண்டும்; கட்சிகளுக்கு நிதி தருவோர் யாரென மக்கள் அறியவேண்டும்.

2016-ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. எந்தக் குடிமகனும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். பணம் படைத்தோர் அமைச்சரின் அறைக்குள் பேசுகின்றனர். நாம் எழுத்தில் கேட்போம், எழுத்திலேயே விடை பெறுவோம்.