கொள்ளை நோயும் வங்கித் தவணையும்



கொள்ளை நோய் வந்தால் மருத்துவமனை நிரம்பும், பள்ளிக்கூடம் மூடும். வங்கிக்கு என்ன ஆகும் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அதையும் கண்டோம்.

வங்கி கடனாகக் கொடுப்பது பெரும்பாலும் நாம் போட்டு வைத்த சேமிப்புதான். சித்தியவானில் ஒரு பால்வெட்டுக்காரர் சேர்த்த வெள்ளி, ஆயர் தாவாரில் இன்னொருவருக்கு வீட்டுக் கடனாகப் போயிருக்கும். அவர் மாதந்தோறும் தவணை கட்டினால்தான் வங்கியின் கணக்கு நேராகும். ஆணை வந்ததும் பல கடைகளும் தொழிற்சாலைகளும் அடைபட்டன. தோட்டத்தில் வேலை இருந்த வீடுகளிலும், பட்டணத்துக்கு வேலைக்குப் போன பிள்ளையின் சம்பளம் நின்றது. நாடு முழுவதும் இப்படித் தவணை நின்றால் எந்த வங்கியும் தடுமாறும்.

ஆகவே மார்ச் 25இல் பேங்க் நெகாரா ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் தனிநபர்களும் சிறு, நடுத்தரத் தொழில்களும் தவணை கட்ட வேண்டாம். விண்ணப்பமும் வேண்டாம். ஆனால் ஏற்கெனவே 90 நாளுக்கு மேல் பாக்கி வைத்தவர்களுக்கு இது கிடையாது.

இதைக் கடன் தள்ளுபடி என்றே பலர் எண்ணிவிட்டார்கள். ஒத்திவைப்பு வேறு, தள்ளுபடி வேறு. வீட்டுக் கடன் பாக்கி 100,000 வெள்ளி, வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்தில் சுமார் 2,000 வெள்ளி வட்டி ஏறிவிடும். அதைப் பிறகு கட்டத்தான் வேண்டும். சம்பளம் நிற்காத வீட்டார் தொடர்ந்து கட்டியிருந்தால் அதுவே புத்திசாலித்தனம். நிலையான வட்டியில் வாங்கிய கார்களுக்கு மட்டும் கூடுதல் வட்டி இல்லை என்று மே மாதத்தில் அறிவித்தார்கள்.

ஆண்டுத் தொடக்கத்தில் 3 விழுக்காடாக இருந்த அடிப்படை வட்டி விகிதம் ஜூலையில் 1.75க்கு இறங்கியது. கடன் வாங்கியவருக்கு அது நிம்மதி. சேமநிதிப் பணத்தை எடுத்து நிரந்தர வைப்பில் போட்ட பெரியவருக்கோ வட்டி வருமானம் குறைந்தது. அவர் பாட்டை யார் பேசினார்கள்?

போட்ட பணம் போய்விடுமோ என்ற பயமும் சிலருக்கு இருந்தது. வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. 1986இல் மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டதைக் கண்டவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் 2005இல் வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. உறுப்பு வங்கி ஒன்று விழுந்தாலும், அந்த வங்கியில் ஒருவர் போட்ட பணத்தில் 250,000 வெள்ளி வரை அது திருப்பித் தரும். பக்கத்து வீட்டில் கட்டும் கூட்டுப் பணத்துக்கு அந்தக் காப்பு கிடையாது.