எண்ணத்திற்கு ஓர் ஆசான்



தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்று ஓர் அழகிய சொல் உண்டு. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வழியில் எதிர்ப்படும் வறிய பாணனை நோக்கி, 'இன்ன வழியே செல்க, இன்னாரைக் காண்க' என்று கூறி அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் சரிபாதி, அஃதாவது ஐந்து பாட்டுகள், இவ்வகையைச் சேர்ந்தவை. ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். இக்காலத்தில் உளநல ஆலோசனை கூறுவோரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பொருத்தமான பெயர்தான். ஆனால், அந்த ஆற்றுப்படுத்துநரிடம் நம்மை ஆற்றுப்படுத்துவோர் யார்? இன்று அந்தச் சிறு பணியை நான் மேற்கொள்ள விரும்புகிறேன்.

பணி ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணவர்களும் அவர்தம் பெற்றோரும் என் இல்லத்திற்கு வருவதுண்டு. முன்பெல்லாம், எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்பார்கள். அண்மைக் காலத்தில் வேறொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "ஐயா, பையனுக்குச் சி.பி.டி. கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அது எங்கே கிடைக்கும்?" மருந்துக் கடையில் விற்கும் பொருளைக் கேட்பதுபோல் கேட்கிறார்கள். அது கடைப்பொருள் அன்று; ஒரு கல்வி. கற்பிக்கத் தெரிந்தவரிடம் சென்று கற்றுக்கொள்ள வேண்டிய கல்வி. இதனை உணர்ந்துகொண்டால், தக்கவரைத் தேடும் வேலை பாதி முடிந்துவிடும்.

சி.பி.டி. என்பதை அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் கூறலாம். இதில் இரண்டு ஓடைகள் கலந்துள்ளன. ஒன்று நடத்தை பற்றியது. ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தவர்கள் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியை அறிந்திருப்பர். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் குழந்தையைப் பற்றி 1924ஆம் ஆண்டில் அவர் எழுதினார். குழந்தைக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவன் விருப்பமான உணவை உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலை அறையின் கோடியில் வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே நகர்த்தினார். முடிவில் பீட்டர் அம்முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சத்தை அறிவுரையால் விரட்டவில்லை. படிப்படியாகப் பழக்கத்தால் கரைத்தார்.

மற்றோர் ஓடை எண்ணம் பற்றியது. பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்றொரு மருத்துவர் இருந்தார். 1921ஆம் ஆண்டு பிறந்து, நூறு வயது கண்டு, 2021ஆம் ஆண்டு மறைந்தவர். அவர் முதலில் பயின்றது பிராய்டின் வழி. மனச்சோர்வு என்பது பிறர்மேல் எழுந்த சினம் தன்மேலேயே திரும்புவது என்று அவ்வழியினர் கருதினர். அதனை மெய்ப்பிக்கும் நோக்குடன் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார் பெக். அங்கே அவர் கண்டது சினம் அன்று, இழப்பும் தோல்வியுமே. மேலும், நோயாளிகளின் உள்ளத்தில் தாமாகவே மின்னி மறையும் சிறு சிறு வாக்கியங்கள் இருப்பதையும் கண்டார். 'நான் எதற்கும் பயன்படேன்', 'என்னை யாரும் விரும்பவில்லை' என்பன போன்றவை அவை. அவற்றைச் சான்று கேட்டுச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தால் சோர்வு தணிவதை அவர் கண்டார். 1960களில் முளைத்த இம்முறை, நடத்தைப் பயிற்சியோடு கலந்து, இன்று உலகெங்கும் மனச்சோர்வுக்கும் பல்வகை அச்சங்களுக்கும் மிகுதியாக ஆராயப்பட்ட பேச்சுவழிச் சிகிச்சையாக விளங்குகிறது.

இனி ஒரு நிகழ்ச்சி. என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி கல்லூரிக்குச் சென்ற பின் தேர்வுக்கூடத்தைக் கண்டு அஞ்சத் தொடங்கினாள். வினாத்தாள் கைக்கு வந்ததும் விரல் நடுங்கும்; நெஞ்சு படபடக்கும்; எழுந்து வெளியே வந்துவிடுவாள். இரண்டு பருவத் தேர்வுகள் இவ்வாறே போயின. மாவட்டத் தலைநகரில் பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்த ஒருவரிடம் பெற்றோர் அழைத்துச் சென்றனர். பலகையில் சி.பி.டி. என்று எழுதியிருந்தது. வாரந்தோறும் ஒரு மணி நேரம் அவர் தன்னம்பிக்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். சொற்பொழிவினால் அச்சம் நீங்குமாயின், எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே நீங்கியிருக்கும்! எட்டு வாரம் சென்றது, பணமும் சென்றது, 'என்னைத் திருத்தவே முடியாது போலும்' என்று அந்தப் பெண் நம்பத் தொடங்கியதுதான் மிச்சம். பொருந்தாத இடத்திற்குச் செல்வதால் வரும் பெருங்கேடு இதுவே. முறை தவறாக இருந்தது என்று எவரும் எண்ணுவதில்லை. குற்றம் தன்னுடையதே என்று நோயுற்றவர் எண்ணிவிடுகிறார்.

பின்னர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றார்கள். அங்கிருந்த மருத்துவ உளவியலாளர் பேசியது குறைவு, கேட்டது மிகுதி. "வினாத்தாள் கைக்கு வந்த அந்தக் கணத்தில் உன் மனத்தில் ஓடிய சொற்கள் எவை?" என்று வினவினார். அவள் முதலில் ஆங்கிலத்தில் ஏதோ கூறினாள். "வீட்டில் பேசுவதுபோல் சொல்" என்றார் அவர். "முதல் கேள்வி தெரியலைன்னா எல்லாம் போச்சு" என்று வந்தது. ஆங்கிலத்தில் சொன்னபோது அந்த எண்ணம் நாகரிகமாக இருந்ததாம். தமிழில் சொன்னபோதுதான் கண்ணீர் வந்ததாம். அந்த வாக்கியத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்து, அதற்குச் சார்பான சான்று எது, எதிரான சான்று எது என்று இருவருமாக ஆராய்ந்தனர். முதல் வினா தெரியாமலே நல்ல மதிப்பெண் பெற்ற தேர்வுகள் அவள் வாழ்விலேயே இருந்தன. அதன் பின் பயிற்சி. வெறுமையான வகுப்பறையில் தனியே அமர்தல். பிறகு கடிகாரம் வைத்து எழுதுதல். பிறகு தோழியர் சூழ எழுதுதல். வேண்டுமென்றே முதல் வினாவை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து தொடங்குதல். வாரம் ஒருமுறையாகப் பதினான்கு சந்திப்புகள். அடுத்த தேர்வில் முதல் ஐந்து நிமிடம் கை நடுங்கத்தான் செய்தது என்றாள். ஆனால் எழுந்து வரவில்லை.

இவ்விரு இடங்களுக்கும் உள்ள வேற்றுமையை எவ்வாறு முன்கூட்டியே அறிவது?

முதலில் தகுதியைக் காணவேண்டும். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டமும் அதன் மேல் மனநல மருத்துவத்தில் உயர்கல்வியும் பெற்றவர். மருந்து எழுதித் தருபவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் உயர்கல்வி கற்று, மேற்பார்வையின்கீழ் நோயாளிகளிடம் பயிற்சி பெற்றவர். பேச்சுவழிச் சிகிச்சையே அவருடைய முதன்மைப் பணி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் இத்தகையோரின் பதிவேட்டைப் பேணி வருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை அக்குழுமத்தின் ஏற்பைக் கொண்டே வரையறுக்கிறது. ஆதலின், "தங்கள் பதிவு எண் யாது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அந்த எண்ணைக் குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆற்றுப்படுத்துநர்களிலும் நன்கு பயின்ற நல்லவர் பலர் உண்டு. ஆனால், சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்வோரும் உண்டு. கேட்டுத்தான் அறியவேண்டும்.

பதிவு இருந்தால் மட்டும் போதாது. பட்டம் பெற்றவர் எல்லாரும் கணக்குக் கற்பிப்பதில்லை அல்லவா? அவ்வாறே உளவியலாளர் அனைவரும் இம்முறையைக் கையாள்வதில்லை. "இம்முறையில் எங்கே, யாருடைய மேற்பார்வையில் பயின்றீர்கள்? என்னைப் போன்ற சிக்கல் உடையோர்க்கு என்ன செய்வீர்கள்? ஏறத்தாழ எத்தனை சந்திப்புகள் ஆகும்? முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்?" என்று கேளுங்கள். நான்காவது வினாவுக்குக் கிடைக்கும் விடையைக் கூர்ந்து கவனியுங்கள். இம்முறையை அறிந்தவர் அவ்வப்போது வினாப்பட்டியல் ஒன்றைத் தந்து மதிப்பிடுவார். பெக் 1961ஆம் ஆண்டிலேயே மனச்சோர்வை அளக்க 21 இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பெரும்பாலும் ஆறிலிருந்து இருபது சந்திப்புகளுக்குள் ஒரு கட்டத்தை எட்டலாம் என்பார்; சந்திப்பு ஒவ்வொன்றும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை நீளும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் வீட்டுப்பாடம் தருவார். வீட்டுப்பாடமே இல்லையென்றால் ஐயுறுங்கள். ஒரே நாளில் குணப்படுத்துவேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இடைவிடாமல் கைகழுவும் நோயுடைய ஒருவருக்குக் கழுவாமல் இருந்து பழகும் பயிற்சியைத் தராமல், மனத்தை வேறு பக்கம் திருப்பு என்று மட்டும் கூறுபவரும் இம்முறையைச் சரிவர அறிந்தவர் அல்லர்.

மொழியையும் கருதவேண்டும். தாமாக எழும் எண்ணங்கள் தாய்மொழியில்தான் எழுகின்றன. அதிலும் வீட்டுத் தமிழில். பெருநகரத்துப் புகழ்பெற்ற நிபுணர் ஆங்கிலம் மட்டுமே அறிந்தவராயின், உங்கள் ஊர்ப் பேச்சு அறிந்த இளைய உளவியலாளரே உங்களுக்கு ஏற்றவர் என்பேன். இது என் சொந்தக் கருத்து.

எங்கே தேடுவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே புறநோயாளர் சீட்டோடு தொடங்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று நடைபெறுகிறது; உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தால் தெரியும். சென்னையில் இருப்போர்க்குக் கீழ்ப்பாக்கத்தில், 1794ஆம் ஆண்டுவரை வேர் செல்லும் பழம்பெரும் அரசு மனநல நிலையம் இருக்கிறது; பெங்களூரில் நிம்ஹான்ஸ் நிறுவனம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். டெலி மானஸ் என்னும் இந்த அரசுச் சேவை 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அருகில் எவரும் இல்லாத சிற்றூரினர் காணொளிவழிச் சந்திப்பை நாடலாம். ஆனால், கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேச வீட்டில் ஓர் அறை வேண்டும். நம் வீடுகளில் அதுதான் அரிது. மொட்டை மாடியிலிருந்து பேசிப் பயன் பெற்ற மாணவன் ஒருவனை அறிவேன்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ, பிறர் காதில் விழாத குரல்கள் கேட்டாலோ, பல நாள் உறக்கமும் உணவும் அற்றுப் போனாலோ, உளவியலாளரைத் தேடிக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். தனியே செல்லவும் கூடாது. தைராய்டுக் குறைவு, சோகை போன்ற உடற்குறைகளும் சோர்வாகத் தோன்றக்கூடும். அவற்றையும் மருத்துவரே பிரித்தறிவார். மருந்து உட்கொள்வோர், பேச்சுச் சிகிச்சை தொடங்கிவிட்டது என்று தாமாகவே அதை நிறுத்திவிடலாகாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டியிருக்கும்.

'நான் சொல்வதை அப்பாவிடம் சொல்லிவிடுவார்களோ?' இவ்வச்சத்தாலேயே பலர் வாயில்வரை வந்து திரும்பிவிடுகிறார்கள். உங்கள் செய்தியை மறைவாகக் காப்பது நான் முன்னர்க் கூறிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த உரிமை. உங்கள் உயிருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் என்பது போன்ற சில நிலைகளில்தான் சிகிச்சையாளர் மௌனம் கலைப்பார். பதினெட்டு வயது நிரம்பாதவர் பெற்றோருடனேயே செல்லவேண்டும். எனினும், எதைப் பெற்றோரிடம் கூறுவார், எதைக் கூறமாட்டார் என்று முதல் நாளிலேயே அவர்கள் முன்னிலையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். அதனைக் கேட்டுச் சினம் கொள்ளும் பெற்றோரும் உண்டு. சிகிச்சையாளரே எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் தணிந்துவிடுவர்.

முதல் சந்திப்பிலேயே மனம் ஒன்றிவிடாது. மூன்று நான்கு சந்திப்புகள் செல்லட்டும். அதற்குள், உங்கள் சிக்கல் எவ்வாறு சுழல்கிறது என்பதை அவர் ஒரு தாளில் வரைந்து காட்டியிருக்கவேண்டும்; என்ன இலக்கு என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து வகுத்திருக்கவேண்டும். இல்லையெனில் அவரிடமே கேளுங்கள். விடை நிறைவளிக்கவில்லையானால், வேறொருவரிடம் அனுப்பி வைக்குமாறு வேண்டுவதில் நன்றிகேடு ஒன்றும் இல்லை. நல்ல சிகிச்சையாளர் அதற்கு வருந்தவும் மாட்டார்.

செல்வதற்கு முன் ஒரு வாரம் சிறு குறிப்பேடு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். மனம் தளர்ந்த வேளையில் நாள், இடம், அப்போது ஓடிய சொற்கள், பின்பு செய்த செயல் ஆகிய நான்கையும் எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டா; பழைய தலைமை ஆசிரியன் திருத்த வரமாட்டான். முதல் நாள் அறைக்குள் நுழைந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்று நாக்கு தடுமாறினால், அந்தக் குறிப்பேட்டை மேசைமேல் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.