லிங்கன் போட மறுத்த கையெழுத்து

ஆபிரகாம் லிங்கனைப் போற்றுவோர் அவர் அடிமைகளை விடுவித்தவர் என்கிறார்கள். தூற்றுவோர், போரைச் சாக்காக வைத்து அரசமைப்புச் சட்டத்தை மிதித்தவர் என்கிறார்கள். அதிகாரம் கையில் இருந்தும் அவர் செய்ய மறுத்ததை இரு தரப்பும் போதிய அளவு கவனிக்கவில்லை. அவரை எடைபோட அதுவே சரியான சான்று என்பேன்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் புதிதாக வந்திருந்த லிங்கன், 1847 டிசம்பரில் மெக்சிகோப் போர் குறித்து அதிபர் போல்க்கை மடக்கினார். நம் மண்ணில் நம்மவர் ரத்தம் சிந்தியது என்கிறீர்களே, அந்த இடம் எது என்று கேட்டுத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அடுத்த பிப்ரவரியில், வக்கீல் தொழிலில் தன் கூட்டாளியான ஹெர்ண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆபத்து வருகிறது என்று அதிபரே முடிவுசெய்து அண்டை நாட்டில் படையை இறக்கலாம் என்றால், அவர் நினைத்த நேரமெல்லாம் போர் தொடுக்கலாம் என்பது அதிலிருந்த வாதம். மன்னர்கள் குடிகளைப் போருக்கு இழுத்து ஓட்டாண்டியாக்கிய கதையை அறிந்துதான் அந்த அதிகாரம் காங்கிரஸிடம் தரப்பட்டது என்றும் எழுதினார். 1861 ஏப்ரலில் தென்மாநிலக் கிளர்ச்சியாளர்கள் சம்டர் கோட்டையைத் தாக்கியதும், அப்போது அதிபராக இருந்த அதே லிங்கன், காங்கிரஸ் கூடுமுன்பே 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டன் வரையிலான பாதையில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கத் தளபதிக்கு அனுமதி தந்தார். பதவி வந்ததும் பேச்சு மாறிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. போல்க் படை அனுப்பியது உரிமை தகராறில் இருந்த எல்லை நிலத்துக்கு. லிங்கன் எதிர்கொண்டது உள்நாட்டுக் கிளர்ச்சி. அந்த நிலைமையை அரசமைப்புச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஜூலை 4 அன்று காங்கிரஸைக் கூட்டி, செய்ததையெல்லாம் அதன் முன் வைத்தார். படை தொடர்பான உத்தரவுகளுக்கு ஆகஸ்டில் ஒப்புதலும் கிடைத்தது.

ஆட்கொணர்வு விவகாரத்தில் மட்டும் இந்தப் பதில் போதாது. அந்த உரிமையை நிறுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கே உண்டு என்று மெரிமன் வழக்கில் தலைமை நீதிபதி டானி எழுதினார், லிங்கன் பணியவில்லை. ஒரு சட்டத்தைக் காக்கப்போய் மற்றச் சட்டங்களெல்லாம் நிறைவேறாமல் போவதா என்று காங்கிரஸிடம் கேட்டார். வலுவான கேள்விதான். ஆனால், ஆபத்து எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று சொல்பவரும் அவரே என்றால் அந்த வாதத்துக்குக் கடிவாளம் எது? அந்த உரிமையை நிறுத்த அதிபருக்கு அதிகாரம் தரும் சட்டத்தைக் காங்கிரஸ் 1863 மார்ச்சில்தான் இயற்றியது. அதன் பிறகும், மே மாதம் வல்லாண்டிங்ஹாம் என்ற அரசியல்வாதி மேடையில் பேசிய பேச்சுக்காக ராணுவ விசாரணைக்கு உள்ளானார். நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்கக்கூடாது என்ற தீர்ப்பு 1866இல், லிங்கன் இறந்த பிறகே வந்தது. இந்தக் கறையை மழுப்ப வேண்டியதில்லை.

இருந்தாலும், எல்லையை நீட்டியவர் வேறு, எல்லையே இல்லை என்றவர் வேறு. 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனத்தைப் படித்துப் பாருங்கள். அது உணர்ச்சி பொங்கும் சாசனமாக இல்லை, வக்கீல் வரைந்த பத்திரமாக இருக்கிறது. லூசியானாவில் லிங்கன் தரப்பான யூனியன் படை பிடித்திருந்த 13 வட்டாரங்களைப் பெயர் பெயராக எழுதி விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குகளை நீக்கும்படி கருவூலச் செயலர் சேஸ் வற்புறுத்தினார். அடிமைமுறையை வெறுத்த லிங்கன், அப்படி ஓர் உத்தரவில் கையெழுத்திட மறுத்து செப்டம்பர் 2 அன்று பதில் எழுதினார். போர்த்தேவை ஒன்றே பிரகடனத்துக்கு ஆதாரம். அத்தேவை இல்லாத இடத்தில், நல்லது என்று நான் நினைப்பதற்காக மட்டும் அதைச் செய்தால், எல்லையற்ற எதேச்சாதிகாரத்தில் கால்வைத்தவன் ஆகமாட்டேனா என்பதே அக்கடிதத்தின் சாரம். தனக்குப் பிடித்த இலக்குக்கே இப்படித் தடை போட்டுக்கொண்ட ஆட்சியாளர்கள் அரிது.

அவருடைய சட்டநுணுக்கத்துக்கு அடிமைப்பட்டவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். போர்க்கால ஆணை போரோடு காலாவதியாகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் அடிமைமுறையை ஒழிக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்காக முழு மூச்சாகப் பாடுபட்டார். 1865 ஜனவரி 31 அன்று அது பிரதிநிதிகள் அவையில் 119க்கு 56 என்று நிறைவேறியது. எந்த நீதிமன்றமும் எந்த அதிபரும் தனியாகத் திரும்பப் பெற முடியாத விடுதலை அது. அந்த வழியே சரி என்று நான் நம்புகிறேன். ஆனால், பிரகடனம் தொடாத கென்டக்கியிலும் டெலவரிலும் அடிமைமுறை 1865 டிசம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை நீடித்தது. அதைப் பார்க்க லிங்கனும் இல்லை.