ஓட்டுக்கு அவர் கேட்ட விலை: டஸ்கீகி வளாகம் சொல்லும் பாடம்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட சமுதாயக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பிற்கினிய இளைஞர்களே! கடையை ஒரு பொழுது அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகப் பெருமக்களே!

தேர்தல் வந்தால் வேட்பாளர் நம் தெருவுக்கு வருகிறார். ஸலாம் சொல்கிறார். தொப்பி போட்டுக்கொள்கிறார். 'உங்களுக்கு என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்' என்கிறார். நாம் என்ன கேட்கிறோம்? மையவாடிக்குச் சுற்றுச்சுவர், தெருமுனைக்கு ஒரு விளக்கு. அதற்கு மேல் நம் வாயில் வருவதில்லை. இன்னும் சிலர் எதுவும் கேட்பதில்லை. நீட்டிய கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

இதே கேள்வி 1880 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற சிற்றூரில் ஒரு கறுப்பினத் தொழிலாளியிடம் கேட்கப்பட்டது. அவர் சொன்ன பதிலின் மேல் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்குத் தந்தான். அங்கே கண்டதையும் அறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்த மக்கள் யார் என்று பாருங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். அப்படிக் கொண்டுவரப்பட்டவர்களில் நம் சகோதரர்களும் ஏராளம். உமர் இப்னு ஸஈத் என்ற மார்க்க அறிஞர் 1807 இல் பிடித்து வரப்பட்டார். அடிமையாக இருந்தபடியே 1831 இல் தம் வரலாற்றை அரபியில் எழுதினார். நாம் இரவில் ஓதும் 'தபாரக்' சூராவை எழுதித்தான் அதைத் தொடங்கினார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஓதத் தெரிந்தவர் அடிமை. அவரை விலைக்கு வாங்கியவன் எசமான்! இதுதான் அன்றைய நியாயம்.

அடிமை படித்துவிட்டால் அடிமையாக இருக்க மாட்டான் என்பது எசமானர்களுக்குத் தெரியும். ஆகவே அலபாமா மாநிலம் 1832 இல் ஒரு சட்டம் போட்டது. கறுப்பருக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தாலே 250 டாலர் முதல் 500 டாலர் வரை அபராதம். 1865 இல் அடிமை முறை ஒழிந்தது. கையில் காசில்லை, நிலமில்லை, படிப்பில்லை. விடுதலை மட்டும் இருந்தது. அந்த நிலையில் அவர்களுக்காக எழுந்தவைதாம் கறுப்பினக் கல்லூரிகள். ஃபிஸ்க், ஹோவர்ட், மோர்ஹவுஸ் என்று இன்றும் அந்த வரிசையில் ஏறத்தாழ நூறு நிறுவனங்கள் இயங்குகின்றன. டஸ்கீகி அவற்றில் ஒன்று.

இப்போது அந்தத் தொழிலாளியிடம் வருவோம். அவர் பெயர் லூயிஸ் ஆடம்ஸ். அடிமையாகப் பிறந்தவர். தகர வேலை, செருப்புத் தைத்தல், குதிரைச் சேணம் செய்தல் மூன்றும் தெரிந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அவ்வூர்க் கறுப்பின மக்களிடம் அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. சட்டமன்ற மேலவைக்குப் போட்டியிட்ட வெள்ளையர் ஒருவர் அவரிடம் வந்தார். 'உங்கள் மக்களின் ஓட்டை எனக்கு வாங்கித் தந்தால் உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார். ஆடம்ஸ் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. 'எங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வேண்டும்' என்றார். வேட்பாளர் வென்றார்; சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கி 1881 இல் சட்டம் நிறைவேறியது.

சகோதரர்களே! பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளை நினைத்துப் பாருங்கள். பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்த கைதிகளிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன ஈட்டுத்தொகை கேட்டார்கள்? மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடு, விடுதலையாகிப் போ என்றார்கள். பேரம் பேசும் இடத்தில் கல்வியைக் கேட்பது நம் நபியின் வழிமுறை. அந்தச் செய்தி தெரியாத ஒரு தகரத் தொழிலாளி அதைச் செய்தார். அதை மிம்பரில் ஆண்டுதோறும் கேட்கிற நாம் என்ன கேட்கிறோம்?

அரசு தந்த 2,000 டாலர் ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டும்தான். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு செப்புக்காசு கிடையாது. தலைவராக வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அப்போது அவருக்கு வயது 25. அவரும் அடிமையாகப் பிறந்தவரே. 1881 ஜூலை 4 அன்று ஏறத்தாழ 30 மாணவர்களோடு ஓர் ஓட்டைக் கொட்டகையில் பாடம் தொடங்கியது. மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து ஆசிரியரின் தலைக்கு மேல் குடை பிடிப்பாராம்.

பிறகு ஒரு பழைய தோட்டத்தை 500 டாலருக்கு விலை பேசினார்கள். அடிமைகள் உழைத்த அதே மண்! கடன் வாங்கிப் பாதி கொடுத்தார்கள். ஒலிவியா டேவிட்சன் என்ற ஆசிரியை வீடு வீடாகப் போனார். சிலர் கோழி கொடுத்தார்கள், சிலர் பலகாரம் செய்து கொடுத்தார்கள். அவற்றை விற்றுக் காசாக்கினார்கள். எழுபது வயதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் கந்தல் உடையோடு கோலூன்றி வந்து, தாம் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்தார். எத்தனையோ பெரிய நன்கொடைகள் வந்தும் அந்த ஆறு முட்டையைப் போல் எதுவும் தம் நெஞ்சைத் தொடவில்லை என்று வாஷிங்டன் தம் வரலாற்றில் எழுதி வைத்தார்.

கட்டடத்துக்குச் செங்கல் வேண்டும். வாங்கக் காசில்லை, நாமே சுடுவோம் என்றார்கள். முதல் சூளை கெட்டது. இரண்டாவது கெட்டது. மூன்றாவதும் கெட்டது. வாஷிங்டன் தம் கடிகாரத்தை அடகுக் கடையில் 15 டாலருக்கு வைத்து நான்காவது சூளை போட்டார். அது வெந்து வந்தது. அவர் வைத்த கடிகாரம் மட்டும் திரும்பவில்லை. செங்கல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும், அதுவரை எட்டிப் பார்க்காத வெள்ளையர்கள் வாங்க வந்தார்கள். வணிகப் பெருமக்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கு தரமாக இருந்தால் வெறுப்பவனும் வாசலுக்கு வருவான்.

அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். சிவந்த செங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. வாஷிங்டன் குடியிருந்த வீட்டை 1899 இல் கட்டியவர்கள் மாணவர்கள். நிலக்கடலையிலும் சர்க்கரைவள்ளியிலும் ஆராய்ச்சி செய்து ஏழை விவசாயிகளுக்கு வழிகாட்டிய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896 இல் அங்கே வந்து, 1943 இல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். இருவரின் அடக்கத்தலங்களும் வளாகத்துக்குள் அருகருகே இருக்கின்றன.

நடுவில் 1922 இல் நிறுவிய சிலை ஒன்று உண்டு. அடிமைத்தளையிலிருந்து எழும் ஒருவரின் மேல் கிடக்கும் திரையை வாஷிங்டன் விலக்குவது போன்ற காட்சி. அங்கே படித்த எழுத்தாளர் ரால்ஃப் எலிசன், தம் நாவலில் இந்தச் சிலையைக் குறித்து ஒரு சந்தேகம் எழுப்பினார். திரை விலகுகிறதா, இன்னும் இறுக்கி மூடப்படுகிறதா?

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 'முதலில் தொழில் கற்போம், சொத்துச் சேர்ப்போம். அரசியல் உரிமைக்கு அவசரம் வேண்டாம்' என்ற போக்கில் வாஷிங்டன் 1895 இல் அட்லாண்டாவில் பேசினார். உரிமையைக் கைவிட்டுத் தேடும் சொத்து நிலைக்குமா என்று அறிஞர் டூ பாய்ஸ் 1903 இல் எதிர்த்து எழுதினார். அந்த அச்சம் வீண் அல்ல. 1901 இல் அலபாமா புதிய அரசியல் சட்டம் எழுதி, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்துவிட்டது. எந்த ஓட்டைக் காட்டி ஆடம்ஸ் பள்ளிக்கூடம் வாங்கினாரோ அந்த ஓட்டே இருபது ஆண்டில் போயிற்று! வெளியில் அமைதி பேசிய வாஷிங்டன், அதை எதிர்த்த வழக்குக்கு இரகசியமாகப் பணம் கொடுத்தார். வழக்கு 1903 இல் தோற்றது.

ஓட்டுப் போயிற்று, கல்லூரி நின்றது. நின்ற கல்லூரி என்ன செய்தது? அதுதான் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

ஒன்று, கணக்கு எழுதியது. மன்ரோ வொர்க் என்ற ஆய்வாளர் 1908 இல் அங்கே ஆவணத் துறை ஒன்றைத் தொடங்கினார். நாட்டில் எங்கே கும்பல் சேர்ந்து ஒரு மனிதரைக் கொன்றாலும், பெயர், ஊர், தேதி, சொல்லப்பட்ட காரணம் எல்லாம் பதிவாயின. 1882 முதல் 1968 வரை 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பர். இன்று உலகமே எடுத்துக்காட்டும் கணக்கு அது. 'அநியாயம் நடக்கிறது' என்று கூவுவது ஒன்று. பேரேட்டைத் திறந்து வைப்பது வேறு. கூச்சலை மறுத்துவிடலாம், கணக்கை மறுக்க முடியாது.

இரண்டு, பிறர் தயவில் வாழாத ஒரு கூட்டத்தை உண்டாக்கியது. கல்லூரியிலும், 1923 இல் அங்கே திறந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர்களுக்கு உள்ளூர் எசமானின் சம்பளம் தேவையில்லை. ஓட்டுரிமை கேட்டால் வேலையை விட்டு நிறுத்துவேன் என்று அவர்களை மிரட்ட முடியாது. அவர்கள் மெல்ல மெல்ல வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். ஆட்சியாளர்கள் பயந்தார்கள். 1957 இல் சட்டமன்றம் டஸ்கீகி நகர எல்லையையே மாற்றி வரைந்தது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கம் கொண்ட கோணல் உருவமாயிற்று. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர அனைவரும் ஊருக்கு வெளியே! கல்லூரியும் வெளியே! வெள்ளையரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை.

கல்லூரிப் பேராசிரியர் சார்லஸ் கோமில்லியன் மக்களைத் திரட்டினார். கல்லெறியவில்லை. நம் ஓட்டைப் பறித்தவர்களை ஆதரிக்கும் கடைகளில் நம் காசைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். வெள்ளையர் கடைகள் பல மூடப்பட்டன. வழக்கறிஞர் ஃபிரெட் கிரே வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1960 நவம்பரில், இந்தக் கோட்டை எதிர்த்து வழக்காட அவர்களுக்கு முழு உரிமை உண்டு, சொல்லப்படுவது உண்மையானால் அரசியல் சட்டத்துக்கு அது விரோதம் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். பழைய எல்லை திரும்ப வந்தது. 1972 இல் அந்த நகருக்கு முதல் கறுப்பின மேயர் வந்தார். ஓட்டுக் கொடுத்த கல்லூரி, ஓட்டை மீட்டுக் கொடுத்தது.

இதற்கு உயிரும் கொடுத்தார்கள். அக்கல்லூரி மாணவர் சாமி யங், கடற்படையில் பணியாற்றிவர், வாக்காளர் பதிவுக்கு உழைத்தவர், 1966 ஜனவரியில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையர் கழிப்பறை தொடர்பான தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. சுட்டவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது.

கசப்பான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அந்த மாவட்டத்தின் கறுப்பின ஏழைகள் ஏறத்தாழ 600 பேரை வைத்துச் சிபிலிஸ் நோய் ஆய்வு நடத்தியது. நோயாளிகளிடம் உண்மையைச் சொல்லவில்லை. பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. அந்த அநியாயத்துக்கு டஸ்கீகியின் மருத்துவமனையும் இடம் கொடுத்தது. அதே ஃபிரெட் கிரேதான் அந்த ஏழைகளுக்காகவும் வழக்காடினார். 1997 இல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். நம்மவர் நடத்தும் நிறுவனம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருந்துவிடக் கூடாது. அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. இங்கும் உண்டு, மறுமையிலும் உண்டு.

சகோதரர்களே! இது நமக்குப் புதிய வழியன்று. வாணியம்பாடியில் தோல் வணிகர்கள் தந்த பணத்தில்தான் 1919 இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951 இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரி எழுந்ததும் வணிகர்களின் கொடையால்தான். அவர்கள் கட்டியதில் நாம் படித்தோம். நாம் கட்டியது எது?

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை வேட்பாளர் வந்து 'என்ன வேண்டும்' என்று கேட்கும்போது, மஹல்லா முழுவதும் ஒரே குரலில் கல்விக்கூடம் கேளுங்கள். அதை எழுத்தில் கேளுங்கள். அரசு பாதி தந்தால் மீதியை நாம் போட வேண்டும். கடைக் கல்லாவில் அதற்கென்று ஒரு டப்பா இருக்கட்டும், ஆறு முட்டையாயினும் சரி. இளைஞர்கள் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். பட்டியலில் பெயர் விடுபட்ட வாக்காளர் யார், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை யார், எந்தக் காரணத்தால், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். அந்த நோட்டுத்தான் நாளை உங்கள் வழக்கறிஞருக்கு ஆயுதம்.

கேட்கத் தெரிந்த சமுதாயமாகவும், கேட்டதைக் கட்டி எழுப்பத் தெரிந்த சமுதாயமாகவும் நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.